முதல் கப்பலில் பேலஸ்ட் வேலை: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கடல் எட்டாத ஊர்களிலிருந்து டெக் கேடட்டாகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ முதல் கப்பல் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் ஏற்றும் கடல்நீர்தான் பேலஸ்ட் நீர். அதைப் பற்றிப் படிப்பில் ஒரு பாடம் வரும். நாலு எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். கப்பலில் அது போதாது. பம்ப், வால்வு, சரக்கு, அலை, காகிதம் எல்லாம் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்கும். இயந்திரம் கெட்டு மாட்டிக்கொள்வதைவிட, நேரத்தைக் கணக்குப் போடாததாலும் புத்தகத்தில் சரியாக எழுதாததாலும் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். அதனால் கீழே அந்த இரண்டைப் பற்றியே கூடுதலாகச் சொல்லியிருக்கிறோம். உதாரணத்துக்கு எடுத்திருப்பது தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டுவரும் பல்க் கேரியர், அதாவது சரக்கை மூட்டையில்லாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல். நம் ஆட்கள் ஏறும் கப்பல்களில் அது சாதாரணம்.

1. எதற்கு இந்தக் கெடுபிடி, அளவு என்ன

வண்டியூர்க் கண்மாயில் ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து வந்த ஒரு செடி, தின்னவோ தடுக்கவோ ஆளில்லாமல் பரவியது. கடலிலும் அதுதான் நடக்கிறது. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று திட்டுகிற சிப்பி தென்னமெரிக்கக் கரைக்குச் சொந்தமானது. அது அடர்த்தியாகப் படிந்த இடத்தில் இறாலும் இல்லை, மட்டியும் இல்லை. இப்படிப்பட்ட உயிர்களின் முட்டையும் குஞ்சும் பேலஸ்ட் தொட்டியில் ஏறி ஊர்விட்டு ஊர் போகின்றன.

ஐ.எம்.ஓ.வின் (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) பேலஸ்ட் நீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாம் 2024 செப்டம்பர் 8-க்குள் டி-2 தரத்துக்கு வந்தாக வேண்டும் என்பது கெடு. அந்தத் தரம் இதுதான்: வெளியேற்றும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கனமீட்டருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரானுக்குள் இருப்பவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்குக் குறைவு. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை 250-க்குக் குறைவு, என்டரோகாக்கை 100-க்குக் குறைவு, காலராக் கிருமி ஒன்றுக்கும் குறைவு. முதல் அளவு கனமீட்டருக்கு, இரண்டாவது மில்லிலிட்டருக்கு. வாய்மொழிக் கேள்வியில் இதை மாற்றிச் சொல்லித் திணறுகிறவர்கள் நிறையப் பேர்.

2. ஏறிய முதல் வாரத்தில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதங்கள்

சீஃப் ஆஃபீசரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேலஸ்டுக்குப் பொறுப்பு அதிகாரி பெரும்பாலும் அவர்தான்.

- பன்னாட்டு பேலஸ்ட் நீர் மேலாண்மைச் சான்றிதழ். 400 ஜி.டி.யும் (கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் கிராஸ் டன்னேஜ்) அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு இது தேவை. அதிகபட்சம் 5 வருடம் செல்லும். வருடாந்திர சர்வே முத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.
- பேலஸ்ட் நீர் மேலாண்மைத் திட்டம். இது உங்கள் கப்பலுக்கென்றே எழுதி ஒப்புதல் பெற்ற புத்தகம், வேறு கப்பலின் நகல் செல்லாது. அதில் எழுதியிருக்கும் பொறுப்பு அதிகாரியும் இப்போது கப்பலில் இருப்பவரும் ஒத்துப்போக வேண்டும். ஆள் மாறிய பிறகும் பழைய பெயர் கிடப்பது துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் கண்ணில் படும் முதல் குறை.
- பேலஸ்ட் ஏற்றியது, இறக்கியது எல்லாம் எழுதும் ரெக்கார்டு புக். இதற்குக் கீழே தனியாக ஒரு தலைப்பு உண்டு.
- சுத்திகரிப்பு இயந்திரத்தின் டைப் அப்ரூவல் (அந்த மாடல் இயந்திரத்துக்கான ஒப்புதல்) சான்றிதழ் நகல், இயக்க–பராமரிப்புக் கையேடு, சென்சார்களின் காலிபரேஷன் சான்றுகள். கடைசியாகச் சொன்னதுதான் தேதி தாண்டிக் கிடக்கும்.

அமெரிக்கா போகிற கப்பலானால் அந்த நாட்டுக் கோஸ்ட் கார்டின் தனி அப்ரூவலும் வேண்டும். ஐ.எம்.ஓ. அப்ரூவல் மட்டும் இருந்தால் அங்கே பேச்சு எடுபடாது. ஆஸ்திரேலியாவுக்கு வருமுன்பே அவர்களுடைய இணையதளத்தில் பேலஸ்ட் விவரம் பதிய வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் படிவமும் கெடுவும் வேறு. துறைமுகத்தில் கப்பலுக்காக வேலை பார்க்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே மெயில் போட்டு, எந்தப் படிவம், எத்தனை மணி நேரத்துக்கு முன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் கப்பலில் எந்த இயந்திரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

யு.வி. (புற ஊதா ஒளி) வகையில் முதலில் ஃபில்டர், அதற்கப்புறம் விளக்கு. ஃபில்டர் கண் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும். தண்ணீரை ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது இன்னொரு முறை விளக்கைக் கடக்க வேண்டும். இறக்கும்போது ஃபில்டரைத் தவிர்த்துவிடலாம், விளக்கைத் தவிர்க்க முடியாது. இதற்கு எதிரி கலங்கல். ஒளி நீரைத் துளைத்துப் போகாவிட்டால் இயந்திரம் தானே ஓட்டத்தைக் குறைக்கும், அலாரம் அடிக்கும், கடைசியில் நின்றுபோகும்.

எலெக்ட்ரோகுளோரினேஷன் வகை, கடல்நீரிலுள்ள உப்பிலிருந்தே குளோரினைத் தயாரித்துத் தொட்டிக்குள் விடும். ஏற்றும்போது மட்டும்தான் கிருமி நீக்கம். இறக்கும்போது மிச்சமிருக்கும் குளோரினை அளந்து, சோடியம் தயோசல்ஃபேட் அல்லது பைசல்ஃபைட் கலந்து அடக்கிவிட்டு வெளியே விட வேண்டும். இதற்கு எதிரிகள் உப்புக் குறைவும் குளிரும். ஹால்டியா, கொல்கத்தா போன்ற ஆற்றுத் துறைமுகங்களில் உப்பு போதாமல் படுத்துவிடும். அதற்குத்தான் கடலிலேயே ஆஃப்ட் பீக் (கப்பலின் பின்கோடி) தொட்டியில் உப்புநீரை நிரப்பி எடுத்துப்போவார்கள். அதே ஆற்றில் யு.வி. இயந்திரம் சேற்றால் திணறும். ஆகவே ‘எங்களுடையது உசத்தி’ என்ற சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று: குளோரின் தயாராகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் வரும். அதை நீர்க்கச் செய்யும் புளோயர் ஓடாமல் இயந்திரத்தை ஓட்ட அலாரத்தை ‘பைபாஸ்’ செய்யச் சொன்னால் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

4. நேரக் கணக்கு: பம்பை நம்பாதீர்கள்

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கப்பலில் மணிக்கு 1,000 கனமீட்டர் இறைக்கும் பேலஸ்ட் பம்ப் இரண்டு, தொட்டிகளில் மொத்தம் 20,000 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20,000-ஐ 2,000-ஆல் வகுத்து பத்து மணி நேரம் என்று புதியவர் சொல்லிவிடுவார். ஆனால் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு மணிக்கு 1,000 கனமீட்டர்தான் என்றால், இரண்டு பம்பையும் ஓட்டிப் பயனில்லை. இருபது மணி நேரம் ஆகும். கலங்கல் நீரில் ஃபில்டர் அடிக்கடி தன்னைக் கழுவிக்கொள்ளும்போது ஓட்டம் இன்னும் இறங்கும். அடியில் மிஞ்சும் நீரை எடக்டர் (நீரோட்டத்தால் இழுக்கும் உறிஞ்சி) வைத்து உறிஞ்சும் ஸ்டிரிப்பிங்குக்குத் தனி நேரம்.

தூத்துக்குடியில் நிலக்கரி இறக்கும்போது இது அவ்வளவு உறைக்காது. சரக்கு இறங்க நாள்கணக்கு ஆகும், பேலஸ்டை மெதுவாக ஏற்றலாம். உறைப்பது அடுத்த துறைமுகத்தில். மணிக்கு 2,000 டன் கொட்டும் லோடர் இருந்தால் 50,000 டன் 25 மணி நேரத்தில் ஏறிவிடும். உங்கள் பேலஸ்ட் இறங்க 20 மணி நேரமும் ஸ்டிரிப்பிங்கும். ஒரு அலாரத்தில் மூன்று மணி நேரம் போனால் லோடர் உங்களுக்காக நிற்கும், நின்ற நேரம் கப்பல்காரர் கணக்கில் ஏறும். ஆகவே சரக்குத் திட்டம் போடும்போதே பேலஸ்ட் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழும் ஆழம்), டிரிம் (முன்–பின் சாய்வு), ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் (கப்பலை வெட்டவும் வளைக்கவும் பார்க்கும் விசைகள்) எல்லாம் லோடிகேட்டர் என்ற கணக்குக் கணினியில் பார்க்க வேண்டும். பம்பின் எண்ணை வைத்துப் போடக் கூடாது, இயந்திரத்தின் எண்ணை வைத்துப் போட வேண்டும்.

5. ஏற்றும்போது

எடுக்கும் நீர் சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தூர்வாரும் கப்பல் ஓடும் இடத்தில், சாக்கடை விழும் இடத்தில், பாசி பூத்த நீரில் எடுக்காதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கத்தில் ‘பூங்கோரை’ வந்து கடல் பச்சையாகிவிட்டது என்று செய்தி வந்தால், மன்னார் வளைகுடா முழுதுக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை பகலில் எடுங்கள். இருட்டியதும் நுண்ணுயிர்கள் மேல்நீருக்கு ஏறிவரும்.

வைகை கடலைத் தொடுவதே அபூர்வம் என்பதால், ஆற்றுநீர் கடலை என்ன செய்யும் என்பது மதுரைக்காரர்களுக்கு உடனே உறைக்காது. வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி புன்னக்காயல் முகத்துவாரத்தில் கொட்டும்போது வண்டல் வரும், உப்பும் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தூத்துக்குடியில் ஏற்றும் கப்பல்கள் ஃபில்டரின் வேறுபாட்டு அழுத்தத்தை (உள்ளே போகும், வெளியே வரும் அழுத்தங்களின் வித்தியாசம்) அரை மணிக்கொரு தடவை எழுதி வைப்பது நல்லது. அடியில் ஆழம் குறைவாக இருந்தால் கீழ் சீ-செஸ்டை (கடல்நீர் உள்ளே வரும் வாய்) மூடி மேல் சீ-செஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லி இன்ஜின் ரூமிடம் கேளுங்கள்.

புதியவர்கள் விழும் குழிகள் இவை:

- அவசரத்துக்கு ஆஃப்ட் பீக்கை ஃபயர் பம்ப், ஜி.எஸ். (பொதுப் பயன்பாட்டு) பம்ப் வழியாக நிரப்புவது. அந்தக் குழாய் சுத்திகரிப்பு இயந்திரத்தைத் தொடாமல் போகலாம். குழாய் வரைபடத்தை ஒரு முறை கையால் வரைந்து பாருங்கள், அப்புறம் மறக்காது.
- கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தொட்டியை வால்வு திறந்து தானாக நிரம்ப விடுவது. பம்ப் ஓடவில்லை என்பதால் இயந்திரமும் ஓடியிருக்காது.
- பேலஸ்ட் ஏற்றும் கார்கோ ஹோல்டில் (சரக்கு அறை) நிலக்கரித் தூள் மிச்சமிருக்க நீரை விடுவது. இறக்கும்போது கறுப்பு நீரில் யு.வி. ஒளி துளைக்காது. ஹோல்டைக் கழுவிக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

ஏற்றி முடித்ததும் எல்லாத் தொட்டியிலும் நீரின் ஆழத்தை அளந்து சவுண்டிங் எடுங்கள். டிரிம் திருத்தம் போட்டுக் கனமீட்டராக மாற்றி, ஃப்ளோமீட்டர் கணக்கோடு ஒப்பிடுங்கள். சிறு வித்தியாசம் இருக்கும். பெரிதாக இருந்தால் ஒரு வால்வு திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

6. இயந்திரம் நின்றுபோனால்

முதலில் செய்ய வேண்டியது சொல்வது. கேப்டன், கம்பெனி, அவர்கள் வழியாகக் கொடி நாடு (கப்பல் பதிவான நாடு), கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்), அடுத்த துறைமுகம். சொல்லாமல் பைபாஸ் வால்வைத் திறந்தால், இயந்திரத்தின் பதிவுப் பெட்டி நேரத்தோடு அதை எழுதி வைத்துக்கொள்ளும். புது விதிப்படி அனுமதி பெற்ற இயந்திரங்கள் 24 மாதத்துப் பதிவை உள்ளே வைத்திருக்கும்.

சுத்திகரிக்காத நீரை ஏற்றும்படி ஆகிவிட்டால், பெரும்பாலும் வரும் யோசனை நடுக்கடலில் அந்த நீரை வெளியேற்றி, இயந்திரத்தை ஓட்டிப் புது நீரை நிரப்புவது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழத்துக்கு மேல். முடியாத பட்சத்தில் 50 கடல் மைல், அதே 200 மீட்டர் ஆழம்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்கே போகும் கப்பலுக்குக் கணக்கு இப்படி வரும். இலங்கையின் தெற்கு முனையான டோண்ட்ராவுக்கும் கிரேட் நிக்கோபாருக்கும் இடையே ஏறத்தாழ 800 கடல் மைல். இரு பக்கமும் 200 கழித்தால் 400 மிச்சம். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 33 மணி நேரம். அதற்குள் முடிய வேண்டும்.

நான்காம் பகுதியில் சொன்ன அதே கப்பலை எடுத்துக்கொள்வோம். நிரம்பிய தொட்டியில் மூன்று மடங்கு நீரைப் பாய்ச்சி வழியவிடும் முறையில் 60,000 கனமீட்டர் போக வேண்டும். இயந்திரத்தின் 1,000 கனமீட்டர் கணக்கில் 60 மணி நேரம். முடியாது. காலி செய்து நிரப்பும் முறையில் காலி செய்ய இரண்டு பம்பும் ஓடலாம், 10 மணி நேரம். நிரப்ப 20. மொத்தம் 30 மணி நேரமும் வால்வு மாற்றும் நேரமும். இடுக்கில் புகுந்துவிடலாம், ஆனால் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது. இந்தக் கணக்கைத் தூத்துக்குடி பெர்த்தில் நிற்கும்போதே போட வேண்டும், டோண்ட்ரா தாண்டிய பிறகு போட்டுப் புண்ணியமில்லை.

காலி செய்யும் முறையில் ஆபத்தும் உண்டு. ஒரு ஜோடித் தொட்டி காலியாகும்போது ஜி.எம். (கப்பல் கவிழாமல் நிற்கும் நிலைத்தன்மையின் அளவு) குறையும், கப்பலின் முதுகெலும்பில் வளைவு கூடும், புரொப்பெல்லர் நீருக்கு மேலே எட்டிப் பார்க்கும், முன்பகுதி அலையில் அறையும். திட்டப் புத்தகத்தில் எந்த ஜோடி முதலில் என்று வரிசை போட்டிருப்பார்கள், அதை மாற்றாதீர்கள். பாய்ச்சி வழியவிடும் முறையில் தொட்டிக்குள் அழுத்தம் ஏறித் தகடு வீங்கலாம், ஆகவே காற்றுக்குழாய்த் தலைகள் அடைத்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கடல் மோசமாக இருந்தால் கேப்டன் வேண்டாம் என்று சொல்ல விதியே இடம் தருகிறது. காரணத்தை மட்டும் புத்தகத்தில் எழுத வேண்டும்.

7. இறக்கும்போது

பல்க் கேரியரில் டாப்சைடு (சரக்கு அறையின் மேல் பக்கவாட்டு) தொட்டிகள் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும். வால்வைத் திறந்தால் நீர் தானாகவே கடலில் விழும், பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். யு.வி. கப்பலில் அது நேரடி மீறல், ஏனென்றால் இரண்டாவது முறை விளக்கைக் கடக்கவில்லை. குளோரின் கப்பலில் அடக்கும் மருந்து கலக்காமல் போய்விடும். அந்த வால்வுக்குச் சீல் போட்டு எண்ணை எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

குளோரின் கப்பலில் வெளியேறும் நீரின் டி.ஆர்.ஓ. அளவு, அதாவது மிச்சக் குளோரின், பெரும்பாலான சான்றிதழ்களில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், சிலவற்றில் 0.2. உங்களுடையதைப் பாருங்கள். மீட்டர் பூஜ்யமே காட்டிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். மீட்டருக்கு ரசாயனம் தீர்ந்திருக்கலாம், மாதிரிக் குழாய் அடைத்திருக்கலாம். கையில் பிடித்துப் பார்க்கும் கிட் வைத்து ஒப்பிடுங்கள். அந்த ரசாயனப் பாக்கெட்டுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு.

8. ரெக்கார்டு புக்

2025 பிப்ரவரி 1 முதல் புதுப் படிவம். ஏற்றியதற்கு ஏ, இறக்கியதற்கு பி, நடுக்கடலில் நீரை மாற்றும் பரிமாற்றத்துக்கு சி, இயந்திரக் கோளாறுக்கு எஃப், தொட்டி கழுவி வண்டல் எடுத்ததற்கு ஜி என்று எழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன. முழுப்பட்டியலைப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே காணலாம். வேலை முடிந்ததும் எழுதுங்கள், ‘நாளைக்கு எழுதிக்கலாம்’ வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் பொறுப்பு அதிகாரி கையெழுத்து, பக்கம் நிறைந்ததும் கேப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவிலிருந்து இரண்டு வருடம் கப்பலில் இருக்க வேண்டும், அதற்குமேல் மூன்று வருடம் கம்பெனியிடம்.

பிடிபடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: நான்கு பதிவுகள் ஒத்துப்போகாமை. ரெக்கார்டு புக்கில் 0600 மணிக்கு ஆரம்பம் என்றிருக்கும். டெக் லாக் புக்கில் 0640. இயந்திரத்தின் பதிவில் யு.டி.சி. (உலகப் பொது) நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இன்ஜின் ரூம் அலாரப் பிரிண்டில் இன்னொரு நேரம். ஏற்ற ஆரம்பிக்கும் முன் நான்கு கடிகாரத்தையும் ஒப்பிட்டு, எது எந்த நேரம் காட்டுகிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுங்கள். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சுருக்கொப்பம் இட்டு, கீழே சரியாக எழுதுங்கள். வெள்ளை மை தடவுவதும் பக்கத்தைக் கிழிப்பதும் சாதாரணப் பிழையைக் குற்றமாக்கிவிடும்.

9. இன்ஸ்பெக்டர் வந்தால்

முதலில் காகிதம் பார்ப்பார். பிறகு உங்களைப் போன்ற ஒரு ஜூனியரைக் கூப்பிட்டு ‘இயந்திரத்தை ஓட்டிக் காட்டு’ என்பார். அதில் திருப்தி இல்லாவிட்டால் மாதிரி. மாதிரி எடுக்கும் குழாய்முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுவது நல்ல தோற்றம் தராது. வருவதற்கு முன்பே அந்த வால்வு திருகுகிறதா, துருப்பிடித்து இறுகிவிட்டதா என்று பாருங்கள்.

கம்பெனியே தானாகப் பரிசோதனை செய்ய நினைத்தால் ஒரு விஷயம். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் சுமார் இரண்டரை மணி நேரம். பாக்டீரியா மாதிரியை ஐஸ்பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கும்படி மதுரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். குடிநீர் பார்க்கும் கூடங்கள் ஈ.கோலை பார்க்கும். ஆனால் உயிரோடு இருக்கும் மிதவை உயிர்களை எண்ணும் வேலையைக் குலுங்கும் வண்டியில் ஏற்றி அனுப்பாதீர்கள், வழியிலேயே செத்து அளவு பொய்யாகிவிடும். அதற்கு ஆளைத் துறைமுகத்துக்கு வரவழைக்க வேண்டும். உள்ளே வர நுழைவுச்சீட்டுக்கு அடையாள அட்டை நகலை ஏஜென்ட்டிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

10. வண்டல்

தொட்டி அடியில் படியும் சேறு உயிர்களுக்குப் பத்திரமான வீடு. அதைத் துறைமுகத்தில் கடலில் தள்ளக் கூடாது. டிரை டாக்கில் (கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) எடுத்து, கழிவை வாங்கிக்கொள்ளும் கரை வசதியிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இறங்கிப் பார்க்கச் சொன்னால் என்க்ளோஸ்டு ஸ்பேஸ் (காற்றோட்டமில்லாத மூடிய இடம்) அனுமதிச்சீட்டு இல்லாமல் காலை வைக்காதீர்கள். ஆக்சிஜன் மீட்டர் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். துருப்பிடிக்கும் இரும்பு ஆக்சிஜனைத் தின்னும், சேறு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயுவை விடும். உள்ளே ஒருவர் விழுந்தால் தூக்க இரண்டாமவர் ஓடிப்போய் விழுவதுதான் வழக்கமாக நடப்பது.

11. செலவு எங்கே போகிறது

மின்சாரம்: மணிக்கு 1,000 கனமீட்டர் யு.வி. இயந்திரம் முழுச் சக்தியில் 100 கிலோவாட் அளவில் இழுக்கும். இருபது மணி நேரம் ஓடினால் 2,000 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 220 கிராம் எரிபொருள் என்றால் 440 கிலோ. அது இயந்திரத்துக்கு மட்டும், பேலஸ்ட் பம்ப் தனி. இரண்டாவது ஜெனரேட்டரை எப்போது ஓட்ட வேண்டும் என்று இன்ஜினியரிடம் ஒரு மணி நேரம் முன்பே சொல்லாவிட்டால் பாதியில் மின்சாரம் போகும்.

உதிரிகள்: விளக்கு, குவார்ட்ஸ் உறை, ஃபில்டர் எலிமென்ட், டி.ஆர்.ஓ. ரசாயனம், அடக்கும் மருந்து. விளக்கின் ஓட்ட மணியைக் குறித்து வாருங்கள். ஆயுள் முடிய 500 மணி நேரம் இருக்கும்போதே ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள். கப்பல் தூத்துக்குடி வரும் தேதிக்கும் சாமான் சுங்கத்திலிருந்து வெளிவரும் தேதிக்கும் பொருந்தாமல், விளக்கு கரையிலும் கப்பல் கடலிலுமாக நிற்பது சகஜம். சர்வீஸ் இன்ஜினியருக்கு ஊதியத்தைவிடப் பயணமும் காத்திருப்பும்தான் அதிகம் பிடிக்கும். அவர் வரும் முன் அலாரப் பட்டியல், கடைசி ஒரு வாரப் பதிவு, கோளாறான பாகத்தின் சீரியல் எண் படம் மூன்றையும் மெயிலில் அனுப்புங்கள். சரியான பாகத்தோடு வருவார்.